ஆணையிட்டால் கெட்டியாகும் எண்ணெய்!

தண்ணீர் வேகமாக ஓடும். விளக்கெண்ணெய் மெதுவாக ஓடும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் ஓடவே ஓடாது. சீசாவை வெயிலில் வைத்தால்தான் இளகும். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால், வெயிலும் வேண்டாம், குளிரும் வேண்டாம், "நில்" என்றால் கெட்டியாகி, "போ" என்றால் மறுபடி ஓடுகிற எண்ணெய் ஒன்று உண்டு. கெட்டியாவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம், ஏறக்குறைய ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு! நாம் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள், அது பல தடவை கெட்டியாகிப் பல தடவை இளகிவிடும்.

அதற்கு ஆணையிடுவது யார்? காந்தம்!

இதில் மாயம் இல்லை, மந்திரம் இல்லை. வெறும் இரும்புத் தூளும் எண்ணெயும்தான். இந்த எண்ணெய் இன்று விலை உயர்ந்த கார்களில் இருக்கிறது. சீனாவில் ஒரு பெரிய பாலத்தில் இருக்கிறது. கண்ணாடி லென்சு தீட்டும் தொழிற்சாலைகளில் இருக்கிறது. காலை இழந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் செயற்கை முழங்காலிலும் இருக்கிறது.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். கார் குலுங்கினால் இடுப்பு வலிக்கும். முழங்கால் ஏமாற்றினால் ஆள் விழுந்துவிடுவார். எங்கே மிகவும் தேவையோ, அங்கே இந்த எண்ணெய் பணக்காரர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது ஏன்? இதை மாற்ற முடியாதா? அதற்கு முன்னால், இந்த எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

இரும்பை மிக மிக நுண்ணிய உருண்டைகளாகச் செய்கிறார்கள். ஓர் உருண்டையின் அளவு, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சிறியது! இதற்குக் கார்போனைல் இரும்பு என்று பெயர். ரத்தசோகைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில்கூட இதே இரும்புத் தூள்தான் சேருகிறது.

இந்தத் தூளை எண்ணெயில் கலக்கிறார்கள். கொஞ்சம் அல்ல, நிறைய. எடை போட்டுப் பார்த்தால், கலவையில் முக்கால் பங்கு வரைகூட இரும்பாகவே இருக்கும். பார்ப்பதற்குச் சாம்பல் நிறக் குழம்பு போல் இருக்கும். ஊற்றினால் ஊற்றும். கலக்கினால் கலங்கும்.

பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

ஒவ்வொரு உருண்டையும் ஒரு குட்டிக் காந்தமாக மாறிவிடும். ஒன்றின் தலை மற்றொன்றின் வாலைப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடுவார்களே, அதே போல! எண்ணெய்க்குள் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரை கோடிக்கணக்கான சங்கிலிகள் முளைத்துவிடும். எண்ணெய் ஓடவேண்டுமானால் இந்தச் சங்கிலிகளை அறுக்கவேண்டும். லேசில் அறுக்க முடியாது. ஆகவே எண்ணெய் நின்றுவிடுகிறது.

எவ்வளவு பலம்? இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இந்த எண்ணெயை மெல்லிதாக வைத்து, நல்ல காந்த சக்தியையும் கொடுத்து, ஒரு தகட்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ எடை வரை அது தாங்கும். இரண்டு உள்ளங்கை அகலம் இருந்தால் ஒரு பெரிய ஆளே தொங்கலாம்!

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்தால் ஊசியும் காந்தமாகிவிடும். பிறகும் அப்படியே இருக்கும். ஊசி உருக்கினால் ஆனது. உருக்கு மறக்காது. ஆனால் சுத்தமான மெதுவான இரும்பு உடனே மறந்துவிடும். காந்தம் விலகியதும், "நான் காந்தமாக இருந்தேனா?" என்று கேட்கும்! அதனால்தான் சங்கிலி உடனே கலைகிறது. எண்ணெய் மறுபடி ஓடுகிறது. மறக்காத இரும்பைப் போட்டால், ஒரு தடவை கெட்டியான எண்ணெய் திரும்ப இளகாது. மறதியும் சில இடங்களில் குணம்தான்.

நிரந்தரக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் கொண்டுபோவதும் விலக்குவதும் எந்திரத்துக்குச் சரிப்படாது. ஆகவே செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டுக் காந்தம் உண்டாக்குகிறார்கள். மின்சாரம் அதிகமானால் எண்ணெய் அதிகம் இறுகும். குறைந்தால் கொஞ்சம் இறுகும். பாகு, கூழ், களி என்று எந்தப் பதம் வேண்டுமோ அந்தப் பதத்தில் நிறுத்தலாம். சாதாரணக் கார் பாட்டரி போதும்.

கண்டுபிடித்தவர் யார்?

அவர் பெயர் ஜேக்கப் ராபினோ. 1910-ம் ஆண்டில் உக்ரைனில் கார்கிவ் நகரில் பிறந்தவர். சிறு பையனாக அமெரிக்காவுக்குக் குடியேறியவர். எதைப் பார்த்தாலும் "இதை வேறு மாதிரி செய்தால் என்ன?" என்று கேட்கும் மனிதர். வாழ்நாளில் 200-க்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றார். கடிதங்களைத் தரம் பிரிக்கும் எந்திரம், அச்செழுத்தைப் படிக்கும் எந்திரம் எல்லாம் அவர் வேலைப்பாடுகள்.

அவர் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே 1940-களின் பிற்பகுதியில் ஒரு "கிளட்சு" செய்தார். கார் ஓட்டுபவர்களுக்குக் கிளட்சு தெரியும். என்ஜின் சுழலும் வேகத்தைச் சக்கரத்தோடு இணைப்பதும் பிரிப்பதும் அதன் வேலை. வழக்கமான கிளட்சில் ஒரு தட்டு இன்னொரு தட்டோடு உரசும். ராபினோவின் கிளட்சில் தட்டுகள் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. நடுவே இரும்புத் தூள் கலந்த எண்ணெய். மின்சாரம் இல்லாவிட்டால் ஒரு தட்டு சுழலும். மற்றது சும்மா இருக்கும். மின்சாரத்தைப் போட்டதும் எண்ணெய் இறுகி, இரண்டு தட்டுகளும் ஒன்றாகச் சுழலும்.

உலகமே ஆச்சரியப்பட்டது. பத்திரிகைகள் எழுதின. பிறகு?

பிறகு 40 ஆண்டுகள் அநேகமாகத் தூக்கம்தான்!

ஏன் தூங்கியது?

முதல் காரணம், ரசம் வைக்கும் எல்லோருக்கும் புரியும். ரசத்தை அப்படியே விட்டால் மேலே தெளிவு, அடியில் மண்டி. இரும்பு எண்ணெயைவிடப் பல மடங்கு கனம். எந்திரம் சில நாள் ஓடாமல் நின்றால் இரும்பெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, இரும்புத் தூள் உரசி உரசி எந்திரத்தின் அடைப்புகளைத் தேய்த்துவிடும். நாளாக ஆக, எண்ணெயும் தானாகவே தடித்துப் போகும்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எண்ணெய் சொன்னபடி கேட்கும். ஆனால் சொல்வது யார்? ஒரு வினாடிக்குள் நூறு தடவை, "இப்போது இறுகு, இப்போது இளகு" என்று ஆணையிட மனிதனால் முடியாது. அதற்கு ஒரு சின்ன மூளை வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் காருக்குள் வைப்பது எப்படி? காலுக்குள் வைப்பது எப்படி?

விரல் நகம் அளவு கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த எண்ணெய்க்கு எஜமான் கிடைத்தான். மண்டி தங்காமல் இருக்கப் புதிய மருந்துகளும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவில் உள்ள லார்டு என்ற கம்பெனி 1990-களில் இதை மும்முரமாகக் கையில் எடுத்தது. லாரி டிரைவர் உட்காரும் இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். நாள் முழுவதும் குலுங்கிக் குலுங்கி முதுகு ஒடியும் அவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது.

2002-ல் காடிலாக் என்ற சொகுசுக் காரில் புகுந்தது. சக்கரத்துக்கு மேலே அதிர்வு தாங்கி என்று ஒரு குழாய் இருக்கும். "ஷாக் அப்சார்பர்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதற்குள் இந்த எண்ணெயை ஊற்றினார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் அந்த நொடியிலேயே எண்ணெயின் பதம் மாறும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பள்ளம் இருந்ததே பெரிதாகத் தெரியாது. நல்ல சாலை உள்ள நாட்டில் இது வந்தது என்பதுதான் வேடிக்கை. பள்ளம் உள்ள நாட்டுக்கு அல்லவா முதலில் வந்திருக்கவேண்டும்!

ஆடும் பாலம், அசையும் கட்டடம்

சீனாவில் ஹூனான் மாகாணத்தில் டோங்டிங் ஏரி இருக்கிறது. அதன் மேல் ஒரு கம்பி வடப் பாலம் கட்டினார்கள். பெரிய தூண்களில் இருந்து சாய்வாக வரும் இரும்பு வடங்கள்தான் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் இந்த வடங்கள் வீணைத் தந்தி போல ஆட ஆரம்பித்தன. வடத்தின் மேல் வழியும் மழை நீர்க் கோடு வடத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. அதனால் காற்று அதைப் பிடித்து ஆட்டுகிறது. ஆடிக்கொண்டே இருந்தால் இரும்பும் களைத்து முறியும்.

அதற்கு என்ன செய்தார்கள்? 2002-ல் வடம் ஒன்றுக்கு இரண்டு வீதம், மொத்தம் 312 எண்ணெய்க் குழாய்களைப் பொருத்தினார்கள். எல்லாவற்றிலும் காந்தம் கேட்கும் எண்ணெய். வடம் ஆடும்போது எண்ணெய் இறுகி அந்த ஆட்டத்தின் சக்தியைத் தின்றுவிடும்.

அதற்கு முந்தின ஆண்டு, 2001-ல், ஜப்பானில் டோக்கியோ நகரத்து விஞ்ஞானக் காட்சிசாலைக் கட்டடத்தில், பூகம்பத்துக்காக இதே மாதிரி இரண்டு பெரிய குழாய்களை வைத்தார்கள். ஒவ்வொன்றும் 30 டன் விசையைக் கொடுக்கக்கூடியது. பூகம்பத்தில் கட்டடம் அசையும்போது மாடிகளுக்கு நடுவே நின்று தடுக்கும். பூகம்ப சமயத்தில் மின்சாரம் போய்விட்டால்? நியாயமான கேள்வி! இந்த எண்ணெய்க்குத் தேவையான மின்சாரம் மிகக் கொஞ்சம். அதனால் பாட்டரியிலேயே வேலை செய்யும் என்பதுதான் இதன் பெரிய நன்மை.

லென்சு தீட்டுவது வேறு ஒரு கதை. அந்த யோசனை பெலாரூஸ் நாட்டின் மின்ஸ்க் நகரத்தில் பிறந்தது. வில்லியம் கோர்டான்ஸ்கி என்ற விஞ்ஞானியும் அவர் தோழர்களும் தீட்டும் பொடி கலந்த காந்த எண்ணெயைச் சுழலும் சக்கரத்தின் மேல் ரிப்பன் போல ஓடவிட்டார்கள். லென்சு தொடும் இடத்தில் காந்தம் அதைக் கெட்டியாக்கும். பிறகு இந்த வேலை அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக்குப் போய் 1996-ல் ஒரு கம்பெனியாகவே ஆயிற்று. சாணைக்கல்லுக்குத் தேய்மானம் உண்டு, வடிவம் மாறும். இந்தத் திரவச் சாணை லென்சின் வளைவுக்குத் தக்கபடி தானே வளைந்துகொடுக்கும்.

முள்ளம்பன்றி போல் நிற்கும் மை

இந்த எண்ணெய்க்கு ஒரு தம்பி உண்டு. அதைக் "காந்த மை" என்று சொல்லலாம். கன்னங்கரேல் என்று பளபளப்பாக இருக்கும். காந்தத்தைக் காட்டினால் முள்ளம்பன்றி போலக் கூர் கூராக எழுந்து நிற்கும். தொட்டால் முள் குத்தாது, வெறும் திரவம்தான்! காந்தம் மேலே இழுக்கிறது. கனமும் திரவத்தின் மேல்தோலும் கீழே இழுக்கின்றன. இந்தப் போட்டியில் உண்டாகும் சமாதானம்தான் அந்த முள்.

இது கெட்டியாகாது என்பதைக் கவனிக்கவேண்டும். அண்ணன் இறுகுவான்; தம்பி இழுத்த பக்கம் வருவான். காரணம் துகளின் அளவு. தம்பியின் துகள்கள் அண்ணன் துகள்களைவிடச் சில நூறு மடங்கு சிறியவை. ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு லட்சம் துகள்களை வரிசையாக வைக்கலாம்! அவ்வளவு சிறியதாக இருப்பதால், திரவத்தின் அணுத்திரள்கள் இடித்துக்கொண்டே இருந்து, அவற்றைக் கீழே உட்காரவிடுவதில்லை. மண்டியே தங்காது. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க, ஒவ்வொரு துகளுக்கும் சோப்பு மாதிரி ஒரு பூச்சு.

இதைச் செய்தவர் ஸ்டீபன் பேப்பல். அமெரிக்க விண்வெளி நிலையமான நாசாவில் வேலை பார்த்தவர். வருஷம் 1963. வானவெளியில் கனம் இல்லை அல்லவா? ராக்கெட்டின் டாங்கியில் எரிபொருள் உருண்டை உருண்டையாக மிதக்கும்; குழாய்க்குள் வராது. எரிபொருளையே காந்தத்துக்குக் கட்டுப்படச் செய்தால், காந்தத்தால் குழாய்ப் பக்கம் இழுத்துவிடலாம் என்று நினைத்தார். காந்தக் கல்லைப் பல நாள் அரைத்து எண்ணெயில் கலந்தார். நல்ல யோசனை. ஆனால் ராக்கெட்டுகள் வேறு வழியைத் தேடிக்கொண்டன.

மை மட்டும் வீண் போகவில்லை. நாம் பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கிகள் பலவற்றில் அது இருக்கிறது. உள்ளே உள்ள கம்பிச் சுருள் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக் காந்தத்துக்குக் கடத்துவது இந்த மைதான். சுழலும் இரும்புத் தண்டைச் சுற்றி இந்த மையை வளையமாக நிறுத்தி, காற்றுப் புகாத அடைப்பாகவும் உபயோகிக்கிறார்கள். ரப்பர் வளையம் தேயும். மை வளையம் தேயாது. கம்ப்யூட்டர்ச் சில்லுகள் செய்யும் வெற்றிட அறைகளில் இதற்கு நல்ல மதிப்பு.

நம் பக்கத்துக் கல்பாக்கத்திலும் இந்த இனத்துத் திரவத்தை வைத்து ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இரும்புத் தகட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால், தகட்டைக் காந்தமாக்கும்போது அந்த இடத்தில் காந்த சக்தி கசியும். மேலே காந்தத் திரவம் அடைத்த மெல்லிய தகட்டை வைத்தால் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறும்! தகட்டை உடைக்காமலே ஓட்டையைப் பார்த்துவிடலாம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் 2012-ல் இதை வெளியிட்டார்கள்.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். செய்யட்டும். பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி ஆற்று மணலில் இழுத்தால் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அதில் பெரும்பாலும் காந்தக் கல்தான். காகிதத்தை உருவினால் பொடி உதிர்ந்துவிடும். அந்தப் பொடியைக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, அடியில் காந்தத்தை வைக்கவேண்டும். குச்சியால் கிளறினால், கையை யாரோ பிடித்து நிறுத்துவது போல இருக்கும்.

ஆனால், பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடைகளில் பட்டாணி அளவில் மிகுந்த சக்தி உள்ள சின்னக் காந்தங்கள் விற்கிறார்கள். அவற்றைச் சிறு குழந்தைகள் பக்கத்தில் வைக்கவே கூடாது. குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை வயிற்றுக்குள் ஒன்றை ஒன்று இழுத்து, நடுவே குடலை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

முழங்காலுக்கு வருவோம்

நாம் மாடிப்படி இறங்குகிறோம். முழங்கால் மெதுவாக மடிகிறது. நாம் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. தொடைச் சதை "பிரேக்கு" போட்டுக்கொண்டே வருகிறது. அந்தப் பிரேக்கு இல்லாவிட்டால் முதல் படியிலேயே குப்புற விழுவோம்.

ரயில் விபத்து, சாலை விபத்து, சர்க்கரை நோய்ப் புண் என்று ஏதோ ஒன்றில் முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்குத் தொடைச் சதையின் அந்தப் பிரேக்கு இல்லை. சாதாரணச் செயற்கை முழங்கால் கதவுக் கீல் மாதிரி. ஒன்று, தாராளமாக ஆடும். அல்லது பூட்டிக்கொண்டு நிற்கும். பூட்டினால் மரக்கட்டை போலக் காலை வீசி வீசி நடக்கவேண்டும். பூட்டாவிட்டால் ஒரு சின்னக் கல் தடுக்கினாலும் மடிந்துவிடும். சந்தையில், பஸ் ஏறும்போது, ஈரத் தரையில், ஒவ்வொரு அடிக்கும் பயம். நடப்பதற்கே முழுக் கவனமும் போய்விடும்.

காந்த எண்ணெய் இங்கேதான் தெய்வம் போல வந்தது. ஐஸ்லாந்து நாட்டு ஓசர் கம்பெனியின் ரியோ முழங்காலில், ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிய உருக்குத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இடைவெளிகளில் இந்த எண்ணெய். கால் எவ்வளவு மடிந்திருக்கிறது, எவ்வளவு பாரம் விழுகிறது என்று சின்னக் கருவிகள் ஒரு வினாடியில் பல நூறு தடவை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. குதிகால் தரையில் பட்டால் எண்ணெய் இறுகும். காலை எடுத்து முன்னால் வைக்கும்போது இளகும். தடுக்கினால் அந்தக் கணமே இறுகிப் பிடித்துக்கொள்ளும். மனிதருடைய நடைக்குத் தக்கபடி முழங்கால் தன்னை மாற்றிக்கொள்கிறது.

இதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹியூ ஹெர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பேராசிரியர். 1982-ல், வயது 17 இருக்கும்போது, மலை ஏறப் போய்ப் பனியில் சிக்கினார். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலின் அருமை தெரிந்தவர் செய்தது, காலை இழந்தவர்களுக்கு உதவியது.

விலை என்ன? பல லட்சம் ரூபாய்!

கூலி வேலை செய்யும் ஒருவர் காலை இழந்தால் பல லட்சத்துக்கு எங்கே போவார்? காலோடு வேலையும் போயிருக்கும்.

எது விலை ஏற்றுகிறது?

இரும்புத் தூளா? இல்லை. எண்ணெயா? இல்லை. செப்புக் கம்பியா? அதுவும் இல்லை. ஒரு முழங்காலுக்கு வேண்டிய எண்ணெய் மிகக் கொஞ்சம். மயிரிழை இடைவெளியில் தட்டுகளைக் கடைந்து அடுக்கும் நுட்பம், எண்ணெய் கசியாத அடைப்பு, கருவிகள், கணக்குப் போடும் சில்லு, காப்புரிமை, வெளிநாட்டுக் கூலி, இவற்றோடு சேர்த்துச் சிலரே வாங்குவதால் வரும் செலவு. நூறு செய்தால் விலை அதிகம். லட்சம் செய்தால் விலை இறங்கும். சில்லு விலை ஏற்கெனவே இறங்கிவிட்டது. இன்று ஒரு சாதாரணக் கைப்போனுக்குள் இருக்கும் கருவிகள், காலின் அசைவைக் கணக்கிடப் போதுமானவை.

நாம் இதைச் செய்யமுடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெளிநாட்டுக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும். ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடு நடக்கும், சேற்றில் இறங்கும், மரம் ஏறும். விலையோ மிகக் குறைவு. உலகத்தில் பல நாடுகளுக்கு அது போயிற்று. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி. "கதம்" என்ற முழங்காலை வெளியிட்டது. நம் நாட்டிலேயே வடிவமைத்தது. வெளிநாட்டுச் சரக்கைவிட மிகவும் மலிவு. அதில் காந்த எண்ணெய் கிடையாது. பல கீல்களின் நுட்பத்தால் வேலை செய்கிறது. ஆனால் முழங்கால் செய்யத் தெரிந்த கைகள் நம்மிடம் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தமாகக் கான்பூரில், செயற்கை உறுப்புகள் செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் 1972-ல் இருந்து இருக்கிறது.

கல்லூரிகளில் காந்த எண்ணெய் பற்றிப் பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகின்றன. பெரும்பாலும் கார் அதிர்வு தாங்கியைப் பற்றித்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், அதே கையால் முழங்காலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவேண்டியது அரசாங்கம். பணம் கொடுத்து, கெடு வைத்து, கான்பூர்த் தொழிற்சாலையையும் ஐ.ஐ.டி.யையும் ஒரே மேசையில் உட்கார வைக்கவேண்டும்.

சிலர் வேறு மாதிரி சொல்வார்கள்: "முதலில் எல்லோருக்கும் சாதாரணக் கால் கிடைக்கட்டும், பிறகு கம்ப்யூட்டர்க் காலைப் பார்க்கலாம்." இதில் நியாயம் இருக்கிறது. சாதாரணக் கால்கூடக் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். அந்த வேலையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஆனால் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று என்று உட்கார்ந்திருந்தால், ஏழை எப்போதும் முந்தின காலத்துச் சாமானையே வாங்கிக்கொண்டிருப்பான்.

விலையைக் குறைக்க ஒரு நடைமுறை வழியும் உண்டு. அமெரிக்காவில் லாரி இருக்கையில் வைத்தார்கள் அல்லவா? நம் அரசாங்கப் பஸ் டிரைவர்களின் இருக்கைக்கு அடியில் இதே எண்ணெய்க் குழாயை வைக்கச் சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கில் செய்தால் எண்ணெய் தயாரிக்கும் தொழில் இங்கேயே வளரும். மண்டி தங்காத எண்ணெய், கசியாத அடைப்பு, இரண்டும் நம் வெயிலிலும் நம் தூசியிலும் சோதிக்கப்பட்டுவிடும். டிரைவர்களின் முதுகும் பிழைக்கும்.

வெளிநாட்டு முழங்காலை அப்படியே காப்பி அடித்தாலும் போதாது. அது நாற்காலியில் உட்காரும் மனிதனுக்காகச் செய்தது. நம் ஆட்கள் பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். குத்துக்காலிட்டு மாட்டுக்குத் தீனி வைப்பார்கள். வயலில் சேறு முழங்கால் வரை இருக்கும். பாட்டரிக்குத் தினமும் மின்சாரம் ஏற்றவேண்டும்; கிராமத்தில் கரண்டு போய்விட்டால்? மின்சாரம் நின்றால் எண்ணெய் இளகிவிடும். ஏணியில் பாதி ஏறும்போது அது நடந்தால்? இதற்கும் வழி இருக்கிறது. உள்ளே ஒரு சின்ன நிரந்தரக் காந்தத்தை வைத்து, மின்சாரம் இல்லாவிட்டாலும் இறுகியே இருக்கும்படி செய்து, இளக்குவதற்கு மட்டும் மின்சாரத்தைச் செலவிடலாம். பாட்டரி தீர்ந்துபோனால் கால் விறைத்து நிற்கும், ஆள் விழமாட்டார். மெதுவாக வீடு வந்து சேரலாம்.